டோக்கன் 1 இன்னும் உள்ளே

1

என் மேஜை மேல் ஒரு சுவர்க் காலண்டரின் ஐந்து தாள்கள் இருக்கின்றன. மராட்டிக் காலண்டர். சதுர்த்தி, ஏகாதசிக் குறிப்புகளுக்கும் கேஸ் சிலிண்டர் வந்த தேதிகளுக்கும் நடுவே நீல மையில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள். மொத்தம் பத்தொன்பது. போட்டவர் லதா அக்கா. ஒவ்வொரு நட்சத்திரமும், பதினோரு வருடங்களுக்கு முன் இறந்துபோன அவருடைய அப்பா வேலைக்கு வந்த நாள்.

நான் புனேவுக்கு வந்து இந்த வாரத்தோடு நான்கு வருடம். நிக்டியில் வாடகைக்கு இருக்கிறேன். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதெல்லாம் போலீஸ் சரிபார்ப்புப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். நிரந்தர முகவரிக்கு ஒரு கட்டம், தற்காலிக முகவரிக்கு ஒரு கட்டம். முதல் கட்டத்தில் கோவில்பட்டி என்று எழுதி, இரண்டாவதில் நான் தினமும் தூங்கி எழுகிற இடத்தை எழுதினேன். ‘எப்போது வந்தீர்கள்’ என்ற கேள்விக்குத் தேதி போட்டேன். ‘எப்போது திரும்புவீர்கள்’ என்ற கட்டத்தை வழக்கம்போலக் காலியாக விட்டேன்.

உள்ளே வந்த நேரம் இருக்கிறது, வெளியே போன நேரம் இல்லை. அந்தப் படிவத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் டோக்கன் 1 பற்றி ஊரில் உள்ளவர்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

2

என் வேலையை அம்மாவுக்கு விளக்க மூன்று முறை முயன்றிருக்கிறேன். மூன்றாவது முறை ஓரளவு சரியாக வந்தது.

தொழிற்சாலைகளில் இருபது, முப்பது வருடப் பழைய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அவை ஒருநாள் செத்துப்போகின்றன. அதே மாதிரி வேறொன்று கடையில் கிடைக்காது. உள்ளே ஓடிய மென்பொருளை எழுதியவர்கள் எங்கே என்றும் தெரியாது. ஆகவே, அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் ஒரு நிரலைப் புதிய கம்ப்யூட்டரில் வைக்கிறோம். அதற்குப் பெயர் எமுலேட்டர். பழைய மென்பொருள் அதற்குள் ஓடும். டிஸ்க்கைக் கேட்டால் டிஸ்க் போலப் பதில் வரும், கடிகாரத்தைக் கேட்டால் கடிகாரம் போல. தன் உடம்பு போய்விட்டது என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியாது.

“அதுகிட்ட யாரும் சொல்ல மாட்டீங்களாட்டி?” என்றாள் அம்மா.

“சொல்லக் கூடாதும்மா. அதான் வேலையே.”

“பாவம்” என்றாள்.

அந்த நடிப்பில் டிஸ்க்கின் பாகம் என்னுடையது.

3

சிஞ்ச்வட் பக்கம் ஒரு தொழிற்சாலை. வண்டி உதிரிபாகங்களுக்குப் பவுடர் பூசி, ஒரு அறை அளவுள்ள ஓவனில் சுட்டு எடுப்பார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஆட்கள் ஓவனுக்குள் போய்க் கொக்கிகளைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். போகும்போது கதவருகே உள்ள கருவியில் டோக்கன் அட்டையைத் தேய்ப்பார்கள், வரும்போதும் தேய்ப்பார்கள். வெளியே ஒரு திரையில், இப்போது உள்ளே இருப்பவர்களின் பெயர்கள். பட்டியல் காலியானால்தான் பச்சை விளக்கு எரியும், ஸ்டார்ட் பொத்தான் வேலை செய்யும். ஒரு பெயர் மிச்சமிருந்தாலும் செய்யாது.

அட்டை தொலைந்துபோவது போன்ற சிக்கல்களுக்காக ஒரு சாவி உண்டு. சூப்பர்வைசர் டார்ச்சோடு உள்ளே போய்ப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, பிறகு அந்தச் சாவியைத் திருப்பினால் பட்டியலைப் பொருட்படுத்தாமல் ஓவன் ஓடும்.

அந்தப் பட்டியலை வைத்திருந்த கம்ப்யூட்டர் செத்துப்போனது. எங்கள் எமுலேட்டரை வைத்தோம். இரண்டாவது வாரம், இரண்டாவது ஷிஃப்ட் தொடக்கத்தில், காலியாக இருக்க வேண்டிய திரையில் ஒரு வரி வந்தது: டோக்கன் 1, கோவிந்தசாமி, உள்ளே, 8:02.

சில நிமிடங்களில், யாரோ அட்டையைத் தேய்த்ததும் அது மறைந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தது. அதே பெயர், அதே 8:02.

கோவிந்தசாமி அந்தத் தொழிற்சாலை திறந்தபோது முதலில் சேர்ந்த ஆள். புனேவின் கட்கிப் பகுதியில் குடியேறிய தமிழர். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு காலை அந்த ஓவனுக்குள் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கவாட்டு ஷட்டரைத் திறந்து அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவருடைய அட்டையை வெளியே தேய்க்க யாருக்கும் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் கணக்கில் அவர் வெளியே வரவேயில்லை.

முதல் தடவை ஓவனைத் திறந்து மூலை மூலையாகப் பார்த்தார்கள். இரண்டாவது தடவையும் பார்த்தார்கள். மூன்றாவது வாரத்தில் கதவிடுக்கு வழியாக டார்ச் அடித்ததோடு சரி. பிறகு, “பாபா ஆலே”, அப்பா வந்துவிட்டார், என்று யாராவது சொல்வார்கள், சாவியைத் திருப்புவார்கள், ஓவன் ஓடும். சாவி சூப்பர்வைசரின் மேஜையறையிலிருந்து ஆணிக்கு வந்தது. ஆணியிலிருந்து லதா அக்காவின் கழுத்துக் கயிற்றுக்கு வந்தது. லதா அக்கா கோவிந்தசாமியின் மகள். அப்பா போன ஆறு மாதத்தில் அதே ஓவனில் வேலைக்குச் சேர்ந்தவர். “உங்க அப்பா, நீயே பாத்துக்க” என்று சூப்பர்வைசர் பாட்டீல் தாதா (மராட்டியில் தாதா என்றால் அண்ணன்) கொடுத்துவிட்டார்.

நான் முதல் தடவை போனபோது திரையின் பக்கத்தில் ஒரு கிளாஸில் டீ இருந்தது. குடிக்கப் போய் எடுத்தேன்.

“அது அப்பாவோடது மா” என்றார் லதா அக்கா. “உனக்கு வேற கட்டிங் டீ சொல்றேன்.”

4

பாட்டீல் தாதா கட்கியில் வளர்ந்தவர். கோவிந்தசாமியிடம் வேலையும் அரைத் தமிழும் கற்றவர். என் இந்தியைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். ஒருநாள் கிளம்பும்போது நம் வழக்கப்படி ‘வர்றேன்’ என்பதை அப்படியே இந்தியில் சொல்லிவிட்டேன். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, நான் எங்கிருந்தோ வரப்போவதாக நின்றுகொண்டிருந்தார்.

“ஹிந்தில போனா போனதுதான்” என்றார் தாதா. “மராட்டில பேசு. நாங்களும் உங்க மாதிரி. போறப்ப ‘யேதே’, வர்றேன்னு. நாங்க ‘யா’ சொல்வோம். வாங்கன்னு.”

“செத்த வீட்டுல?”

“அங்க சொல்ல மாட்டோம். நீங்க சொல்வீங்களா?”

“மாட்டோம்.”

“தேக், பாத்தியா. ஒண்ணுதான்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை லதா அக்கா என்னைக் கட்கி வீட்டுக்கு அழைத்தார். மகள் நேஹா ஏழாவது படிக்கிறாள். நான் தமிழில் கேட்டேன், அவள் மராட்டியில் பதில் சொன்னாள். இருவருக்கும் எல்லாம் புரிந்தது. அக்கா பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்துக் காட்டினார். டோக்கன் 1. ஆஸ்பத்திரியில் அப்பாவின் சட்டையோடு கொடுத்தார்களாம். யாரும் மாற்றி எடுத்துவிடக் கூடாது என்று அப்பா தன் கையாலேயே பின்பக்கம் பெயிண்டில், தமிழில் ‘கோவி’ என்று எழுதியிருந்தார்.

நேஹா எட்டிப் பார்த்தாள். “ஹே காய் ஆஹே, டிசைன்?” இது என்ன, டிசைனா என்கிறாள்.

“தாத்தா பேருடி” என்றார் அக்கா.

நேஹா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் மேலே என்று அவளுக்குத் தெரியவில்லை.

நான் புறப்படும்போது அக்கா வாசல்வரை வந்தார். “கௌரி மா, நீ இத ரிப்பேர் பண்ணிட்டா அவரு வர மாட்டாரு இல்ல?”

“வரக் கூடாதுக்கா. அந்தப் பட்டியல் தப்பாக் காட்டக் கூடாது.”

“சரி சரி. கேட்டேன்.” பிறகுதான் அந்தக் காலண்டர் தாள்களைக் கொடுத்தார். “அவரு வந்த நாள் எல்லாம் போட்டு வெச்சிருக்கேன். ஒண்ணு விடல. உனக்கு உதவுமா பாரு.”

ஐந்து மாதத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பிழை அறிக்கை அதுதான்.

5

அந்த ஐந்து மாதங்களும், நான் பார்த்தால் அவர் வரமாட்டார்.

எமுலேட்டரின் டிஸ்க் பகுதி ஒவ்வொரு அடியிலும் என்ன செய்கிறது என்று எழுதிவைக்கும்படி மாற்றினேன். இரண்டு வாரம் திரை சுத்தமாக இருந்தது. மாற்றத்தை எடுத்தேன். மறுநாளே ஒரு நட்சத்திரம். மறுபடி போட்டேன், வரவில்லை. எழுதிவைப்பதற்கு ஆகும் அந்தச் சிறு தாமதமே விஷயத்தை மாற்றிவிடுகிறது என்று எனக்குத் தெரியும். பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். இருந்தாலும், யாரோ என்னைக் கவனித்து ஒதுங்கிக்கொள்கிற மாதிரிதான் இருந்தது. ஆபீஸில் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டேன்.

கடைசியில் எதையும் எழுதாமல், நேரத்தை மட்டும் நினைவகத்தில் குறித்துக்கொள்ளும்படி செய்தேன். அவர் வந்தார்.

நடந்தது இதுதான். ஷிஃப்ட் தொடக்கத்தில் பழைய மென்பொருள் டிஸ்க்கிடம் உள்ளே-வெளியே பதிவின் இரண்டு பக்கங்கள் கேட்கும். முதலில், இன்னும் முடிக்கப்படாத மிகப் பழைய பக்கம். எல்லோரும் வெளியேறியிருந்தால் அதை மூடிவிடலாமா என்று பார்க்க. கோவிந்தசாமி வெளியேறாததால் அந்தப் பக்கம் மூடப்படவே இல்லை. பதினோரு வருடமாக ஒவ்வொரு ஷிஃப்டிலும் மென்பொருள் அதைத் திறந்து, அவர் இருப்பதைப் பார்த்து, திரையில் காட்டாமல் வைத்துவிடும். அடுத்து இன்றைய பக்கம். அதுதான் திரைக்கு வரும்.

எமுலேட்டரில் ஒரு கேள்விக்கான பதிலை எடுத்துவந்து, மென்பொருள் நீட்டும் தட்டில் வைக்க ஒரு ஆள் போவான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் தொடங்கும் அதே நேரத்தில் முழு டிஸ்க்கையும் நகலெடுக்கும் வேலையும் நடக்கும்படி யாரோ அமைத்திருந்தார்கள். அதனால் சில நாட்களில் பழைய பக்கம் எடுக்கப் போன ஆளுக்குத் தாமதமாகும். மென்பொருள் பொறுமையிழந்து, “எல்லாவற்றையும் மறந்துவிடு, புதிதாகத் தொடங்குவோம்” என்று ரீசெட் சொல்லும். எமுலேட்டர் உடனே “மறந்தாயிற்று” என்று சொல்லிவிடும். மென்பொருள் அதே தட்டை நீட்டி இன்றைய பக்கத்தைக் கேட்கும்.

ஆனால் முதலில் போன ஆள் பக்கத்தை எடுத்துக்கொண்டு, ‘இது இன்னும் வேண்டுமா’ என்று சரிபார்த்து, ‘வேண்டும்’ என்று பதில் பெற்று, கை நீட்டிய பிறகுதான் அந்த ரீசெட் வந்திருக்கும். அவனை யாரும் நிறுத்தவில்லை. மறந்துபோன கேள்விக்கான பதிலைக் கொண்டுவந்து, இன்றைய பக்கம் இருந்த தட்டில், அதன் மேலேயே வைத்துவிடுவான்.

விடை கிடைத்த மகிழ்ச்சியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். பாட்டிலைத் திறக்கும்போதுதான் கடைசி வாக்கியம் மறுபடி மனதில் ஓடியது. அதன் மேலேயே.

அவர் பட்டியலில் கூடுதலாக வரவில்லை. பட்டியல் முழுவதையும் மூடிக்கொண்டு வந்தார். அவர் பெயர் திரையில் இருந்த ஒவ்வொரு முறையும், உண்மையில் உள்ளே யார் இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்போதெல்லாம் அவர்கள் சாவியைத் திருப்பியிருந்தார்கள்.

6

தண்ணீர் குடிக்காமலே பாட்டீல் தாதாவின் மேஜைத் தொலைபேசிக்கு அழைத்தேன். முற்பகல் நேரம்.

“தாதா, சாவியைத் திருப்பாதீங்க. பாபா வந்தா ஓவனைத் தொடாதீங்க. அவர் பேருக்குக் கீழ வேற ஆள் இருக்கலாம்.”

“கீழன்னா?”

“மறைஞ்சிருக்கலாம். உள்ள ஆள் இருந்தும் திரைல தெரியாம இருக்கலாம்.”

பின்னால் கம்ப்ரஸர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “ஆஜ் பாசூன் சாவி நாஹி” என்றார். இன்றிலிருந்து சாவி கிடையாது. தொலைபேசியை வைத்துவிட்டார்.

பிறகு நான் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். பட்டியல் போட்டேன். எமுலேட்டரின் வழக்கமான பதிவேட்டில் ரீசெட் நடந்த நேரங்கள் முன்பிருந்தே இருந்தன; பழைய பதில் தாமதமாக வந்து விழுந்த ஷிஃப்ட் தொடக்கங்கள் அவைதான். அவற்றின் எதிரில் லதா அக்காவின் நட்சத்திரங்களை வைத்துக்கொண்டேன். அந்த நகலெடுக்கும் வேலை ஒரு உபகாரமும் செய்திருந்தது. சரியாக அந்த நேரத்தில் டிஸ்க்கில் உண்மையாக என்ன இருந்தது என்பதை அது எடுத்துவைத்திருந்தது. ஒவ்வொரு நகலாகத் திறந்தேன்.

பத்தொன்பது நகல்களில் பட்டியல் காலி.

ஆனால் பதிவேட்டில் இருபது இருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம். காலண்டரில் அந்தக் கட்டத்தில் நட்சத்திரம் இல்லை. ‘ஒண்ணு விடல’ என்று அக்கா சொல்லியிருந்தார். அந்த நாளின் நகலைத் திறந்தேன். உள்ளே ஒருவர் இருந்தார். டோக்கன் 31. லதா.

திரையில் அப்பாவின் பெயர். அதன் அடியில் மகளின் பெயர். நட்சத்திரம் இல்லாததற்குக் காரணம் எளிது. அவர் திரையைப் பார்க்கவில்லை. ஓவனுக்குள் இருந்தார்.

அம்மா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்தாள். சாயங்காலம் எல்லோரையும் எண்ணி வெளியே அனுப்பிவிட்டு, பூட்டுவதற்கு முன் கதவுக்குள் தலையை நீட்டி, “யாரும் இருக்கீகளா?” என்று கத்துவாள். பள்ளிக்கூடம் விட்டு அங்கே போய்க் காத்திருக்கும் எனக்குப் பசிக்கும். “அதான் எண்ணிட்டியே” என்று நச்சரிப்பேன். “எண்ணுனது நாந்தானட்டி. தப்பா எண்ணியிருந்தா?” என்பாள். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நிற்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய அந்தக் கை ஞாபகம் வந்தது.

7

மறுநாள் நேரில் போனேன். கேட்டில் வழக்கமான படிவம்: பெயர், எங்கிருந்து, யாரைப் பார்க்க, என்ன காரணம். ‘காரணம்’ என்பதில் ‘பழுது’ என்று எழுதினேன்.

பாட்டீல் தாதாவுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை நன்றாக நினைவிருந்தது.

“நான் ஓவன் ஸ்டார்ட் பண்ண வந்தேன். திரைல பாபா மட்டும்தான். சரி, சாவின்னு பாத்தா, சாவி இவ கழுத்துல. இவளக் காணோம். ‘ஏ லதா’ன்னு கத்தினேன். உள்ள இருந்து ‘ஆலே, ஆலே’, வந்துட்டேன்ங்கறா. ஓவன் உள்ள இருந்து.”

“அப்புறம்?”

அவர் லதா அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தார்.

“மெமோ குடுத்தேன்” என்றார். “டோக்கன் தேய்க்காம உள்ள போனான்னு. இவ தேய்ச்சேன்னு சொன்னா. நான் நம்பல. திரைல இல்லையே.”

இதை அக்கா என்னிடம் சொன்னதே இல்லை. பொய் சொன்னாள் என்று ஃபைலில் எழுதப்பட்ட ஒருத்தியாக ஒரு மாதத்துக்கு மேல் அதே ஓவனுக்குள் போய் வந்திருக்கிறார். நகலின் அச்சுப் பிரதியை மேஜை மேல் வைத்தேன். டோக்கன் 31, உள்ளே போன நேரம், எல்லாம் இருந்தது. தாதா அதைப் படித்தார், மறுபடி படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“மெமோவ நானே கிழிக்கறேன். ஆபீஸ்லயும் எழுதித் தரேன்” என்றார். பிறகு, வேறு யாரிடமோ பேசுவதுபோல, “சாவி ஆணில இருந்திருந்தா” என்றார். அதை முடிக்கவில்லை.

அக்கா தன் கழுத்தெலும்புக்குக் கீழே ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். “குனிஞ்சு கொக்கிய தேய்க்கறப்ப இங்கயே இடிச்சுக்கிட்டிருந்துச்சு மா. கழட்டி ஆணில மாட்டிட்டு வந்துடலாம்னு நெனச்சேன்.”

“ஏன் மாட்டலக்கா?”

“மறந்துட்டேன்.”

திரையின் பக்கத்தில் கிளாஸில் டீ ஆடை கட்டியிருந்தது.

8

திருத்தம் பதினோரு வரிகள். எண்ணிப் பார்த்தபோது எனக்கே அந்த எண் பிடிக்கவில்லை. ஒரு வெற்று வரியை எடுத்துப் பத்தாக்கினேன்.

செய்தது இரண்டுதான். பதில் கொண்டுவருகிறவன், ‘இன்னும் வேண்டுமா’ என்று சரிபார்ப்பதும் தட்டில் வைப்பதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும், நடுவில் யாரும் புக முடியாதபடி. அதைவிட முக்கியமானது, ரீசெட் வந்தால் எமுலேட்டர் உடனே “மறந்தாயிற்று” என்று சொல்லக் கூடாது. வெளியே அனுப்பிய ஒவ்வொருவனும் திரும்பி வரும்வரை காத்திருந்து, அவன் கொண்டுவந்ததை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, பிறகுதான் சொல்ல வேண்டும்.

டிஸ்க்கை வேண்டுமென்றே மெதுவாக்கி இரண்டு நாள் சோதித்தேன். அவர் வரவில்லை. முன்பும் நான் பார்த்தபோது வராதவர்தான். ஆகவே பழைய நிரலையும் அதே சோதனையில் ஓடவிட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை வந்தார். புதியதில் ஒருமுறைகூட இல்லை. அந்த இரண்டு நாளும் தொழிற்சாலையில் பாட்டீல் தாதா ஒவ்வொரு சுற்றுக்கும் தானே டார்ச்சோடு உள்ளே போய் வந்தார்.

புதிய நிரலை வைத்த காலையில் லதா அக்கா ஒரு டப்பாவில் எலுமிச்சை சாதமும், அதன் மூடிக்கு மேல் ஒரு கர்ச்சீப்பில் சுற்றிய டோக்கன் 1-ம் கொண்டுவந்திருந்தார்.

“இப்ப இத தேய்ச்சா என்ன ஆகும் கௌரி மா?”

“அந்தப் பழைய பக்கம் முடிஞ்சிடும். அதை மறுபடி திறக்காது.”

“அவரு வெளிய வந்ததா ஆயிடும் இல்ல?”

“ஆமாக்கா.”

கருவி, பதினோரு வருடம் பீரோவில் கிடந்த அட்டையை முதல் தடவை ஏற்கவில்லை. அக்கா புடவைத் தலைப்பால் துடைத்து மறுபடி தேய்த்தார். பீப் சத்தம் வந்தது. திரையில் ஒரு வரி: டோக்கன் 1, கோவிந்தசாமி, உள்ளே 8:02, வெளியே 10:47. அடுத்து ‘உள்ளே இருந்த நேரம்’ என்ற கட்டம். அந்தக் கட்டத்துக்குள் எண் கொள்ளவில்லை. அப்படிக் கொள்ளாதபோது பழைய மென்பொருள்கள் செய்வதை அதுவும் செய்தது. வரிசையாக நட்சத்திரக் குறிகளைப் போட்டது.

“பாரு” என்றார் அக்கா. “அதுவும் ஸ்டார் போடுது.”

பாட்டீல் தாதா, போகிறவர்களிடம் சொல்லும் பழக்கத்தில் “யா, காகா”, வாங்க சித்தப்பா, என்று சொல்ல வாயைத் திறந்தார். ‘யா’ பாதி வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டார். நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்தார்.

வரி மறைந்தது. பட்டியல் காலி. பச்சை விளக்கு எரிந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு, அந்தத் திரை சொல்வதை நம்பலாம் என்று என்னால் எழுதிக் கையெழுத்திட முடியும். கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

லதா அக்காதான் பொத்தானை அழுத்த வேண்டும். அவர் அழுத்தவில்லை. ஓவன் கதவின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் இழுத்துத் திறந்தார். உள்ளே தள்ளுவண்டிகள், தொங்கும் கொக்கிகள், பின்னால் இருட்டு. தலையை நீட்டினார்.

“உள்ள யாராச்சும் இருக்கீங்களா?” என்று கேட்டார். பிறகு மராட்டியிலும் கேட்டார்.

கொக்கிகள் லேசாக ஆடின. கதவு திறந்த காற்றில் ஆடியிருக்கும். பதில் வரத் தாமதமாகலாம் என்பது இப்போது எங்கள் மூவருக்கும் தெரியும். யாரும் அவசரப்படவில்லை. கொக்கிகள் ஒவ்வொன்றாக நிற்கும்வரை நாங்கள் கதவருகே நின்றுகொண்டிருந்தோம்.